பொதுக் கணினியில் ஒருவருடைய கடல்

மிக்கேல் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, எங்கள் கடைக் கணினியின் திரைமேல் போட்டு மூடினார். அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் முதன்முதலில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். இன்னும் விடவில்லை.

முப்பது வயதில் பணி அனுபவம் எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். இந்த மாதத்தோடு கடையை விட்டுப் போகிறேன். அடுத்து என் நாற்காலியில் உட்காரப்போகிற உங்கள் இரண்டு பேருக்கும், இதே வேலையை வேறு ஊர்களில் தொடங்கியிருக்கிற மற்றவர்களுக்கும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேபிளை எங்கே சொருகுவது என்பதெல்லாம் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை.

துண்டுக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கடை. படகுகளுக்கு ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ஆழம் காட்டுகிற கருவி எல்லாம் விற்போம், பழுது பார்ப்போம். கூடவே கணினி ரிப்பேர், பிரிண்ட் அவுட், ஆதார் திருத்தம். முன் மேசையில் ஒரே ஒரு பழைய கணினி. அதில் நான் உட்காருவேன், கடை முதலாளி அண்ணாச்சி உட்காருவார், நான் சாப்பிடப் போனால் வாடிக்கையாளரே உட்கார்ந்து தன் பேரனின் ஃபோட்டோவைத் தேடிக்கொண்டிருப்பார். ஊர்க் கிணறு மாதிரி ஒரு கணினி.

எனக்கு வாய்க்காலும் வயலும்தான் தெரியும். ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்து, கணினி படித்துவிட்டு, கடலைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாமல் இங்கே வந்தவள் நான். மிக்கேல் அண்ணன் சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் பாறைத்திட்டுகள் இருக்கும். அதற்குப் பார் என்று பெயர். எந்தப் பாரை ஒட்டிய மணலில் சங்கு கிடக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தால், அந்த இடத்தைத் தன் ஜி.பி.எஸ்ஸில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்துக்கொள்வார். அந்தப் புள்ளியைத் தம்பிக்குக்கூடச் சொல்ல மாட்டார். மிக்கேல் அண்ணனின் கைக்கருவி உப்புத்தண்ணீர் ஏறி, திரையில் பாதி இருண்டு போய் வந்திருந்தது. முழுதாகச் சாவதற்குள் உள்ளே இருக்கிற நூற்று நாற்பது புள்ளிகளையும் கணினிக்கு எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தொடங்கியதும் திரையில் வரைபடம் விரிந்தது, புள்ளிகள் விழத் தொடங்கின, துண்டும் விழுந்தது.

"அண்ணே, மூடிட்டா நான் எப்படிப் பாக்க?"

"உள்ள தலைய விட்டுப் பாரு, ஏளா. வெளிய நிக்கவன் பாக்கக்கூடாது."

வேறு வழியில்லாமல் துண்டுக்குள் தலையை விட்டேன். கடையில் காத்திருந்த ஐந்தாறு பேருக்கு அன்றைக்குப் பொழுது போயிற்று.

"என்ன மிக்கேலு, கம்ப்யூட்டருக்குச் சளியா? பிள்ளைய ஆவி பிடிக்க வச்சிருக்க?"

"ஒன் வேலையப் பாருல."

நான் துண்டுக்குள் இருந்தபடியே, "அண்ணே, ஃபைலுக்குப் பாஸ்வேர்டு போட்டுருவோம். ஒரு பேரு சொல்லுங்க" என்றேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. வருடக்கணக்காக ஆழத்தில் மூழ்கி மூழ்கி அவருக்குக் காது மந்தம். காது கேட்காதவர்கள் மெல்லப் பேச மாட்டார்கள். துறைமுகத்து வாசல் வரைக்கும் கேட்கிற குரலில், "எம் மவ பேரையே போடு! ஸ்டெல்லா! கூட ரெண்டாயிரத்தி எட்டு!" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. அவருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. துண்டு சரியாகத்தானே இருக்கிறது என்று இழுத்துவிட்டுப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. இத்தனை பேர் ஏறி இறங்குகிற ஒரு கணினியில், நூற்று நாற்பது ரகசியங்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஒரு துண்டை நம்பி இந்த மனுஷர் நிற்கிறார். துண்டை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஃபைல் இங்கேதானே கிடக்கும்? பொதுக் கணினியில் ஒவ்வொருவருக்கும் ஒரு மறைவு வேண்டும், அதை நான்தான் செய்துகொடுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. பாஸ்வேர்டைக் கேட்கவே கூடாது, அவர்களே அடிக்க வேண்டும், அடிக்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்ற பழக்கமும் அன்றைக்கே வந்துவிட்டது.

ஏன் எல்லோருடைய கடலும் அந்த ஒரு பழைய கணினிக்குள் வந்து விழுந்தது என்று கேட்பீர்கள். புதுக் கணினி ஒன்றும் கடையில் இருந்தது, உள் அறையில். பழைய ஜி.பி.எஸ்ஸைக் கணினியோடு சேர்க்கிற கேபிளை அது ஏற்கவில்லை. அந்தக் கேபிளுக்கு ஒரு டிரைவர் வேண்டும், அதாவது கருவி சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கிற சின்ன மென்பொருள். பழைய கணினியில் யாரோ எப்போதோ அதைப் போட்டு வைத்திருந்தார்கள். புதியதில் மஞ்சள் முக்கோணம் ஒன்றைக் காட்டிக்கொண்டு கேபிள் செத்துக் கிடந்தது.

நான் சும்மா இருப்பேனா? சேர்ந்த இரண்டாவது வாரமே, கேபிள் உறையில் அச்சடித்திருந்த பெயரைத் தேடலில் போட்டேன். முதலில் வந்த பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான். உங்கள் கணினியின் எல்லா டிரைவர்களையும் நாங்களே தேடித் தருகிறோம் என்றது. அழுத்தினேன். கேபிள் வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாகப் புதுக் கணினியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ரம்மி விளையாட வாருங்கள் என்று ஒரு பெண் கைகாட்டிக் கூப்பிடத் தொடங்கினாள். ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்து ஆள் பக்கத்தில் நின்று கடிதம் பிரிண்ட் எடுக்கும்போதும் கூப்பிட்டாள். அண்ணாச்சி அந்தக் கணினியை மொத்தமாகத் துடைத்து மறுபடி ஏற்ற வைத்தார்.

"இனி அந்தக் கேபிள இதுல சொருகுன, கைய ஒடிச்சிருவேன். முன்னால கெடக்க பழசுலயே பாரு" என்று சொல்லிவிட்டார்.

அதனால் கேபிள் வேலை எல்லாம் முன் மேசையில். டிரைவரை ஒழுங்காகத் தேடத் தெரியாதது ஒரு தப்பு, ஃபைல்களைப் பொது இடத்தில் வைத்தது வேறு தப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே தப்பு. முதலாவதைச் சரியாகச் செய்திருந்தால் இரண்டாவதற்கு வேலையே வந்திருக்காது.

சரி, பழைய கணினியில் நான் என்ன செய்தேன்? எல்லோருடைய ஃபைல்களையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஃபோல்டரை மறைத்தேன். உள்ளே ஒவ்வொருவர் ஃபைலையும் பாஸ்வேர்டு போட்ட சுருக்கக் கோப்பாக ஆக்கினேன். வேண்டும்போது திறப்பது, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டுவது. திறக்கும்போது வெளியே வருகிற பிரதியை அழித்துவிடுவேன். பெரும்பாலும். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு என் வேலைமேல் அத்தனை பெருமை. சாயங்காலம் அறைக்குப் போகிற வழியில் மக்ரூன் வாங்கித் தின்றுகொண்டே, இந்தக் கடற்கரையின் ரகசியமெல்லாம் என் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து நடந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் அன்றைக்கு நானாக இருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பிரியமாகவும் இருக்கிறது.

ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, மிக்கேல் அண்ணன் வந்து ஒரு புள்ளியைச் சரிபார்த்துவிட்டுப் போனார். அவர் போன கால் மணி நேரத்தில் பவுல்ராஜ் அண்ணன் தன் கருவியோடு வந்தார். பவுல்ராஜும் சங்கு குளிக்கிறவர்தான். இருவரும் இளவயதில் ஒரே வள்ளத்தில் போனவர்கள். ஏதோ பேச்சில் முறிந்து, தனித்தனி வள்ளம் வாங்கி, வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருவர் கடைக்குள் இருந்தால் மற்றவர் எதிரே டீக்கடையில் நிற்பார்.

பவுல்ராஜ் அண்ணன் கருவியை நீட்டினார். கேபிளைச் சொருகிவிட்டு வரைபட மென்பொருளைத் திறந்தேன். அதற்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடைசியாக எந்த ஃபைலில் வேலை பார்த்தோமோ அதைத் தானாகவே எடுத்து நீட்டும். நான் அவசரத்தில் பிரதியை அழிக்காமல் விட்டிருந்தேன். கோப்பு பூட்டியிருந்தது, ஃபோல்டர் மறைந்திருந்தது, பாஸ்வேர்டு பலமாக இருந்தது. மென்பொருளோ மிக்கேல் அண்ணனின் மொத்தக் கடலையும் பவுல்ராஜ் அண்ணன் மூக்குக்கு நேரே விரித்து வைத்தது.

புள்ளிகளுக்கு அவரவர் பெயர் வைப்பார்கள். யாருக்கும் புரியாதபடி வைப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். மிக்கேல் அண்ணன் வைத்திருந்தவை: மாமியார், நாய்க்கடி, கல்யாணம், முட்டைக்குழம்பு. ஒன்றின் பெயர் பல்வலி. வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. பவுல்ராஜ் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏ, பல்வலி! இவன் இத இன்னும் வச்சிருக்கானா, ஏளா? அன்னைக்குக் கன்னம் வீங்கி மூஞ்சி பூசணிக்கா மாதிரி கெடந்துச்சு. நாந்தான் வள்ளத்தத் திருப்பிக் கரைக்குக் கொண்டாந்தேன். எடந்தான் எனக்கு மறந்துபோச்சு…"

சிரிப்பு அதோடு நின்றது. அவர் கை சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தது. ஒளித்துவைத்த ரகசியத்தை, அன்றைக்குக் கூடவே இருந்தவனிடமிருந்து எந்தப் பெயராலும் ஒளிக்க முடியாது. அது எனக்கு ஒரு வினாடியில் புரிந்தது. அடுத்த வினாடியில் காலால் யு.பி.எஸ். பொத்தானை மிதித்தேன். திரை இருண்டது.

"என்னளா, கரண்டு போச்சா?"

"ஆமாண்ணே."

மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொறவு வாரேன்" என்று கருவியை எடுத்துக்கொண்டு போனார். ஃபோட்டோ எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

உள் அறைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். மிக்கேல் அண்ணனிடம் உடனே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? பத்து செகண்டு பாத்திருப்பான். எடுத்தானா இல்லையான்னே தெரியாதுன்னு சொல்லுத. இதப் போய்ச் சொன்னா நாளைக்கு ஒருத்தன் இங்கன படியேறுவானா? சும்மா கெட."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கடை திறக்கும்போது அவரோடு அவர் மனைவியும் சேர்ந்து பெட்டி தூக்கி வைத்த கடை அது. இந்தக் கரையில் ஒரு வாய்ச்சொல் கடையை மூடவும் செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். சொல்லாமல் விட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சொன்னால் என் வேலை போகும், ஒருவேளை கடையின் பெயரும் போகும்.

ஆனால் மிக்கேல் அண்ணன் காலையில் அந்தப் புள்ளியை ஏன் சரிபார்த்தார் என்பது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தார். பல்வலியில் பிஞ்சுச் சங்கு நிறையக் கிடந்ததாம். இரண்டு வருடமாக அதைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறார். நன்றாகப் பெருத்த பிறகு போய் எடுக்கலாம் என்று, பக்கத்தில் போனாலும் வேண்டுமென்றே அங்கே இறங்காமல் வருகிறார். அவருக்கு வயதும் ஆகிறது, காதும் போய்விட்டது, இனி எத்தனை நாள் மூழ்க முடியும் என்று தெரியாது. பல்வலி அவர் கடலுக்குள் போட்டு வைத்திருக்கிற நாளைய பொழுது. பவுல்ராஜ் அண்ணன் நாளைக் காலையே போய் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால்? மிக்கேல் அண்ணனுக்கு இன்றைக்குத் தெரிந்தால் ஏதாவது செய்யலாம். அடுத்த வாரம் தெரிந்தால் அழத்தான் முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தவில்லை.

அன்றைக்கு அவர் கடலுக்குப் போகவில்லை. கரையில் ஏற்றிய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, கண்ணாடி முகமூடியின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, காதருகே சொல்ல வேண்டியிருந்தது. ரகசியத்தை உரக்கச் சொல்ல வேண்டிய நிலைமை எத்தனை கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். என் தப்பு எது, மென்பொருள் என்ன செய்தது, நான் மின்சாரத்தைப் பற்றிச் சொன்ன பொய் உட்பட எல்லாம்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார்.

"படம் பெருசா இருந்துச்சா, சின்னதா இருந்துச்சா?"

"மொத்தமும் தெரியிற மாதிரி சின்னதாண்ணே."

"புள்ளிக்கு நேர நம்பர் தெரிஞ்சுதா, பேரு மட்டுமா?"

"பேரு மட்டும். புள்ளிய அழுத்துனாத்தான் நம்பர் வரும். அழுத்தல."

"ஓரத்துல கட்டம் போட்டு நம்பர் வருமே?"

வரும். அந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நான் மறந்திருந்தேன். "அது தெரிஞ்சிருக்கும்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"அப்பம் ஒரு மைலுக்குள்ள வந்துருவான். ஒரு மைலுக்குள்ள வந்தா அவன் கண்டுபிடிச்சிருவான். கடலடி வாசன தெரிஞ்ச பய." சொல்லும்போது குரலில் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒரே வள்ளத்தில் இருந்தவனைப் பற்றி அப்படித்தான் பேச முடியும் போல.

"படம் எடுத்தானா?"

"தெரியலண்ணே. எடுத்திருக்கலாம். தெரியாதத எடுக்கலைன்னு சொல்ல மாட்டேன்."

ரப்பரை இழுத்து மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "சரி, நீ போ" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தரம் கேட்டேன். "கேட்டுச்சு, கேட்டுச்சு. போளா" என்றார்.

நான்கு நாள். அந்த நான்கு நாளும் கடை வாசலில் நிழல் விழுந்தால் போதும், எழுந்து நின்றுவிடுவேன். என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை. ஒன்றே ஒன்று செய்தேன், சொல்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை ஒரே பைக்கில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். எதிர் டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் அப்படியே வாயருகே நின்றன. அண்ணாச்சி, "மாதாவே" என்றார். அவர் வணங்குவது முருகனை.

பவுல்ராஜ் அண்ணன் ஃபோனை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இதுல ஒரு போட்டோ கெடக்கு. அழிக்கணும். அழிச்ச பொறவு அது எங்கன போய் ஒளியும்னு இவன் கேக்கான். எனக்கு என்ன தெரியும்? நீயே காட்டு."

எடுத்திருக்கிறார். ஓரம் வெட்டுப்பட்டு, கொஞ்சம் ஆடியிருந்தது. ஆனால் புள்ளிகளும் கட்டங்களும் தெளிவாக இருந்தன. இரண்டு பேரும் பார்க்கும்படி ஃபோனைத் திருப்பி வைத்துக்கொண்டு அழித்தேன். குப்பைத்தொட்டியைத் திறந்து காட்டினேன், அங்கே கிடந்தது. அதிலும் அழித்தேன். அவர் மகன் தன் மின்னஞ்சல் கணக்கை இந்த ஃபோனில் போட்டு வைத்திருந்தான். அங்கேயும் ஒரு நகல் தானாகப் போய் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் பவுல்ராஜ் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நான் யாருக்கும் அனுப்பலல! சத்தியமா!"

"அண்ணே அனுப்பல, ஃபோனே அனுப்பிருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் மிக்கேல் அண்ணன் தலையாட்டினார்.

என்ன நடந்தது என்பதை மிக்கேல் அண்ணன் தன் வழக்கமான குரலிலேயே சொன்னார், ஊருக்கே கேட்டது. நான் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலமே பவுல்ராஜ் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். பல்வலி இருக்கிற இடத்தை, எண்ணோடு, ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு வள்ளத்தைத் திருப்பியவன் நீதானே, அதில் உனக்கும் பாதி என்றிருக்கிறார். பிஞ்சு பெருக்கட்டும், திருவிழா கழியட்டும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் இறங்கக் கூடாது. மற்ற புள்ளிகள் என்னுடையவை, அவற்றை நீ பார்க்கவே இல்லை.

"கட்டத்த வச்சுத் தேடிப் போயிருந்தாம்னா வழியில இன்னும் நாலு எடம் இவன் கையில ஆப்பிட்டிருக்கும். ஒண்ணக் கையில குடுத்துட்டா தேட மாட்டான்லா? குடுத்தத எவன் திருடுவான்?"

"ஏலே, பாதிதான குடுத்த. முழுசும் குடுத்த மாதிரிப் பேசுத."

"பல்லு எனக்குல்லா வலிச்சுது!"

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போய், அதே டீக்கடையில் நின்றார்கள். நான் பாஸ்வேர்டு, பூட்டு, மறைவு என்று ஒரு வருடமாகக் கட்டிய எதுவும் செய்யாத காரியத்தை அந்த மனுஷர் ஒரு சீட்டுக் காகிதத்தால் செய்துவிட்டார். ஆனால் அதைச் செய்ய அவருக்கு அன்றைக்கே தெரிய வேண்டியிருந்தது. நம் கையில் ஒருவருடைய ரகசியம் கசிந்தால் நாம் செய்ய முடிந்த நல்ல காரியம் அந்த ஒன்றுதான். சீக்கிரம் சொல்வது, தெரிந்ததைத் தெரிந்த அளவிலும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வது. மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுடைய கடல், நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணாச்சி அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படியேற மாட்டான் என்றாரே, அந்த மாதத்தில் நான்கு புது வள்ளக்காரர்கள் கருவியோடு வந்தார்கள். "இங்கனதான ஒரு பிள்ள தப்பு பண்ணிட்டு அதுவே வந்து சொல்லிச்சாம்?" என்று விசாரித்தார்கள். அண்ணாச்சி என்னைக் கையால் காட்டிவிட்டு, உள்ளே போய்விட்டார்.

நான்கு நாளில் ஒன்று செய்தேன் என்றேனே, அது டிரைவர். பயத்தில் இருக்கும்போது கை ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். இந்த முறை உறையில் போட்டிருந்த பெயரை நம்பவில்லை. கேபிளைச் சொருகி, கணினியின் சாதனப் பட்டியலுக்குள் போய், அந்தக் கேபிள் தன்னைப் பற்றித் தானே சொல்கிற அடையாள எண்ணைப் பார்த்தேன். உறையில் ஒரு பெயர், உள்ளே இருக்கிற சிப் வேறொன்று, அதுவும் ரொம்பப் பழசு. புது டிரைவர் அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதற்கு வேண்டியது பழைய பதிப்பு. அதை எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் பார்த்தால், ஒன்றரை வருடமாக நான் உட்கார்ந்திருந்த பழைய கணினிக்குள்ளேயே அது பத்திரமாக இருந்தது. எடுத்துப் புதியதில் போட்டேன். மஞ்சள் முக்கோணம் போயிற்று. கை ஒடியவில்லை. வேலை செய்கிற ஒரு கணினி கண்ணெதிரே இருந்தால், வலையில் தேடுவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள்.

அன்றிலிருந்து கேபிள் வேலை உள் அறைக்குப் போயிற்று. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, கடைசி ஃபைலைத் தானாகத் திறக்கிற வழக்கத்துக்குத் தடை, வேலை முடிந்ததும் எல்லாம் அவர்களுடைய மெமரி கார்டுக்கு. எங்களிடம் ஒரு பிரதியும் இல்லை. கார்டைத் தொலைத்துவிட்டு வந்து அழுதவர்கள் உண்டு. அவர்களோடு நானும் உட்கார்ந்து வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனாலும் பிரதி வைக்கவில்லை. இது சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. நீங்கள் யோசித்து வேறு மாதிரி செய்தாலும் கோபப்பட மாட்டேன். அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. அந்தக் கடையின் வாசம், ஈயப்பற்று வைக்கும் புகையும் கருவாடும் கலந்த ஒன்று, என் துப்பட்டாக்களில் எல்லாம் இருக்கிறது. முன்மேசைக் கணினியை அண்ணாச்சி போன வருடம் பழைய இரும்புக்குப் போட்டபோது, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அவர் கண்முன்னால் சுத்தியலால் நானே உடைத்தேன். நாலு அடி. நாலாவது அடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "இதுக்குப் போயா?" என்றார் அண்ணாச்சி. அவரும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

இப்போது என் கேள்வி வேறு. ஏன் அவர்கள் கடைக்கு வர வேண்டும்? தன் கடலை எடுத்துக்கொண்டு இன்னொருவன் மேசைக்கு வருகிற வரைக்கும் அது ஏதோ ஒரு பொதுக் கணினிதானே? கேபிள் அவர்களுடைய ஃபோனோடு நேராகப் பேசிவிட்டால், நடுவில் நானும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். ஃபோனில் இந்தப் பழைய சிப்புக்கு டிரைவர் கிடையாது. யாரும் எழுதவில்லை. மூன்று மாதமாக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் அறையில் ஒரு கேபிளோடு வேலை செய்கிறது, இன்னொன்றோடு பாதியில் தொங்குகிறது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வேம்பாருக்குப் போகிறேன். பையில் பதினோரு விதக் கேபிள். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். கணவர் போன பிறகு மகனை வைத்து வள்ளத்தை நடத்துகிறவர். கணவருடைய புள்ளிகள் எல்லாம் கருவிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன, ஒரு கடையிலும் எடுக்க முடியவில்லை. கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்றதற்கு, "அத வீட்ட விட்டு வெளிய கொண்டார மாட்டேன். நீ வா. எம் ஃபோன்ல எடு. எடுத்துட்டு நீ பாக்காமப் போ" என்றார்.

அவர் கருவியின் கேபிளுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. முதலில் அதன் எண்ணைப் படிக்க வேண்டும்.